ஓரேப் மலைக் கேள்வி: ஏறியதோடு நிறுத்தாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. பழைய ஏற்பாட்டு இறையியல் தாளில் பாஸ், அப்பாடா! வேதத்தில் மலையின் ஆன்மீக முக்கியத்துவத்தை ஒரு மலையைக் கொண்டு விளக்கச் சொன்ன பெரிய கேள்விதான் கரைசேர்த்தது என்று நினைக்கிறேன்.

கைமாறி வரும் நோட்ஸில் மோரியா, நேபோ, கர்மேல், சீயோன் என்று மலைக்கு ஒரு வரி இருக்கும். அதை ஒப்பித்தால் பாஸ் மார்க்கோடு சரி. நான் ஓரேபை, அதாவது மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற சீனாய் மலையை, மட்டும் எடுத்தேன். அதிலும் மலையிலிருந்து இறங்கியவருக்கு என்ன காத்திருந்தது என்பதையே பிடித்துக்கொண்டேன்.

மோசே 40 நாள் கழித்து இறங்குகிறார். கீழே ஜனங்கள் செய்து வணங்கும் பொன் கன்றுக்குட்டியும் நடனமும். கட்டளைகள் எழுதிய பலகைகள் மலையடியிலேயே உடைகின்றன. எலியா தீர்க்கதரிசியின் கதை இன்னும் அருமை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை 18ஓடு சேர்த்தே படியுங்கள். 18இல், கர்மேல் மலையில் எலியாவின் ஜெபத்துக்குப் பதிலாக அக்கினி விழுந்தது. ஓரேபிலும் அக்கினி வருகிறது, ஆனால் அதில் கர்த்தர் இல்லை. அதற்குப் பின்தான் அமர்ந்த மெல்லிய சத்தம். எல்லோரும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். 19இன் 9ஆம் வசனத்தையும் 13ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" இரண்டு முறையும் அவருக்கு வருவது அதே கேள்வி. எலியாவின் பதிலும் அதே புலம்பல், தான் ஒருவன் மாத்திரம் மீதி என்பது வரை. அந்தச் சத்தத்தைக் கேட்டும் மனுஷன் மாறவில்லை! கர்த்தர் முதலில் வேலையைத்தான் கொடுக்கிறார்: திரும்பிப் போய் ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும், எலிசாவை உனக்குப் பதிலாகத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் பண்ணு. பாகாலை வணங்காத ஏழாயிரம் பேர் மீதி என்ற ஆறுதல் அப்புறம்தான்.

இதை மாற்கு 9 வரை கொண்டுபோகலாம். இயேசு மறுரூபமான மலையில் அவரோடு மோசேயும் எலியாவும், அதாவது ஓரேபில் நின்ற இருவர். இறங்கினால் ஆவி பிடித்த பையனும், துரத்த முடியாமல் விழிக்கும் சீஷர்களும்.

சில குறிப்புகள்:

- மறுரூப மலையின் பெயரைச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை. தாபோர் என்பது பாரம்பரியம், அடித்து எழுதாதீர்கள்.
- ஓரேப்தான் சீனாய் என்பதற்கு ஒரு வரி போதும்.
- சீனாய் என்று பாரம்பரியம் காட்டும் ஜெபல் மூசா 2,285 மீட்டர், அடிவாரத்தில் 6ஆம் நூற்றாண்டு மடம்: தெரிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். இது புவியியல் தாள் இல்லை.
- எபிரெயர் 12:18-24 கட்டாயம் வேண்டும். சீனாயையும் சீயோனையும் நேருக்கு நேர் நிறுத்தும் பகுதி அது.

எனக்குப் பட்டியல் மனதில் நிற்காது, அதனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசிப்பது ஒத்துவந்தது. மனப்பாடம் வருகிறவர்கள் உங்கள் வழியிலேயே போங்கள். சபைச் சரித்திரத் தாளில் என் முறை எடுபடவே இல்லை. ஆண்டுகளை நினைவில் வைக்கத் தெரிந்தவர் யாராவது அதற்கு எழுதுங்கள்.