சரிந்த வாசலில் நேர்க்கதவு: பழைய பாய்மரப் படகின் கேபின் கதவுகள், இரண்டாம் சுற்று

மாட்டிப் பார்த்ததில், புதிய கேபின் கதவு முழுக்கத் திறந்து மடங்கி, கேபின் சுவரை ஒட்டி நிற்கிறது. முதல் ஜோடிக் கதவுகள் 167 டிகிரி வரை வந்து, கடைசி 13 டிகிரிக்கு மறுத்தன. அந்த 13 டிகிரிக்காகத்தான் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டிவந்தது. வார்னிஷ் மூன்று பூச்சில் நிற்கிறது, தாழ்ப்பாள் இன்னும் வைக்கவில்லை. ஆனாலும் கீல் கணக்கை இப்போதே எழுதிவிடலாம். இந்த வேலையில் இறங்கும் பலரும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

படகு 1970களில் தென் இங்கிலாந்தில் கட்டிய 32 அடி ஃபைபர்கிளாஸ். கான்டெசா 32, நிக்கல்சன் 32, வெஸ்டர்லி சென்டார் எனத் தொடங்கும் அந்தக் காலத்து பிரிட்டிஷ் படகுகளில் காக்பிட்டிலிருந்து (படகோட்டுபவர் உட்காரும் திறந்த பள்ளம்) கேபினுக்கு இறங்கும் வாசலை வாஷ்போர்டு பலகைகளால் அடைப்பதுதான் வழக்கம். இங்கேயும் அப்படித்தான்: மேலே அகலம், கீழே குறுகல், இரு பக்கமும் பலகையைச் செருகும் தேக்குக் காடி. பலகையைக் கொஞ்சம் தூக்கினாலே காடியில் இறுக்கம் விட்டுவிட வேண்டும் என்பதற்காக வைத்த சரிவு அது. மழை நாளில் துறைமுகத்தில் நிற்கும்போது ஒவ்வொரு முறை உள்ளே போகவும் மூன்று பலகைகளைத் தூக்கி அடுக்குவது பெரிய தொல்லை. அதற்குத்தான் கதவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதவு வந்துவிட்டது என்று வாஷ்போர்டைத் தூக்கிப் போடக் கூடாது. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தார்கள், 24 படகுகள் கைவிடப்பட்டன, அவற்றில் 5 மூழ்கின. படகு உருளும்போது வாஷ்போர்டுகள் நழுவிக் கடலில் போய், திறந்த வாசல் வழியாகத் தண்ணீர் புகுந்தது அந்த விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. பலகை எளிதாக வர வைத்த அதே சரிவு, தலைகீழான படகில் பலகையை வெளியே தள்ளிவிடுகிறது. மேலே ஹாட்ச் (வாசலின் மேல்மூடி) திறந்திருந்தாலும் பலகை இருந்த இடத்தில் நிற்க வேண்டும், கயிற்றால் படகோடு கட்டியிருக்க வேண்டும், பூட்டு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும் என்பது இன்று ஆழ்கடல் பந்தய விதி. பந்தயத்துக்குப் போகாத படகுக்கும் இதுவே சரியான அளவுகோல். ஆகவே காடியைத் தொடாமல், கழற்றக்கூடிய கீலில், காடிக்கு வெளியே கதவு. கடலுக்குப் போகும்போது கதவுகளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் பலகைகளைப் போட வேண்டும்.

இனி அளவு. வாசல் மேலே 560 மி.மீ., கீழே 500, உயரம் 620. பக்கத்துக்கு 30 மி.மீ. சரிவு, அதாவது ஏறக்குறைய 2.8 டிகிரி. கேபின் பின்சுவர் தானே 9 டிகிரி முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. முதல் முறை செய்தது, யாருக்கும் முதலில் தோன்றுவதுதான்: வாசலின் வடிவத்திலேயே சரிவாக இரண்டு கதவுகள், கீல் அந்தச் சரிந்த ஓரத்திலேயே. மூடியிருக்கும்போது பார்க்க மிக அழகு. திறந்தால்தான் வினை.

காரணம் எளிது. கீலின் அச்சு மேலே வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால், கதவு சுழலச் சுழல அதன் விளிம்பு கீழே இறங்கும். கதவின் அடி அகலம் 250 மி.மீ., சரிவு 2.8 டிகிரி என்றால் 90 டிகிரியில் 12 மி.மீ. இறக்கம், 180 டிகிரியில் 24. பின்சுவரின் 9 டிகிரி சாய்வு இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது: 90 டிகிரியில் விளிம்பை 39 மி.மீ. உயர்த்தி, 180க்குப் போகும்போது அந்த உயர்வை முழுவதும் திருப்பி வாங்கிக்கொள்கிறது. கூட்டிப் பார்த்தால் பாதி திறப்பில் கதவு 27 மி.மீ. மேலே நிற்கும். அதனால் பட்டறை மேஜையில் எந்தச் சந்தேகமும் வராது. 145 டிகிரியைத் தாண்டினால் மூடிய நிலையின் மட்டத்துக்கும் கீழே போகத் தொடங்கும். படிச்சட்டம் 12 மி.மீ., கதவடி இடைவெளி 3, ஆக மொத்தம் 15 மி.மீ. இடம்தான். 167 டிகிரியில் மூலை காக்பிட் தளத்தில் போய்க் குத்துகிறது. அதற்கு மேல் யாராவது முழங்காலால் தள்ளினால் கதவே நெம்புகோலாகிக் கீல் திருகுகளைப் பிடுங்கிவிடும். பிடுங்கியது. மேல் கீலின் மூன்று திருகுகளும் மரநாரோடு வந்துவிட்டன.

கதவடியை 24 மி.மீ. அறுத்து எடுத்தால் தீராதா? மடங்கும், ஆனால் மூடும்போது கீழே ஒரு அங்குல இடைவெளி, மழைத் தண்ணீர் நேரே படிக்கட்டில். ஆப்பு வைத்துக் கீலை மட்டும் நேராக்கிப் பார்த்தோம். கதவு சரிவு, கீல் நேர் என்றால் கீழ்க் கீலுக்கும் கதவு ஓரத்துக்கும் நடுவே ஆப்பு தடித்துப்போய், பிடிமானம் மோசமாகிறது.

தீர்வு, கதவை வாசலின் வடிவத்தில் செய்யாமலிருப்பதுதான். இப்போது உள்ளவை நேர்ச்செவ்வகக் கதவுகள், ஒவ்வொன்றும் 328 × 640 மி.மீ. வாசலுக்குள் உட்காராமல், காடிச் சட்டத்தின் வெளிமுகத்தின் மேல் படிகின்றன. இருபுறமும் புதிதாக ஒரு தேக்கு நிலைச்சட்டம், இரண்டும் ஒன்றுக்கொன்று இணை, உள்ளளவு 660. காடிச் சட்டம் 45 மி.மீ. அகலம், சரிவோடு போகிறது. ஆகவே அதற்கும் புதுச்சட்டத்துக்கும் நடுவே மேலே 5, கீழே 35 மி.மீ. என்று ஒரு நீள முக்கோண இடைவெளி விழும். அதை 22 மி.மீ. தடிமனுள்ள தேக்கு ஆப்பால் நிரப்பினோம். அந்த ஆப்பு தெரிகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். அதுதான் சரிந்த வாசலையும் நேர்க்கதவையும் சேர்த்துவைக்கிறது. நிலைச்சட்டத்தின் தடிமன் 40: காடிச் சட்டம் 22, கதவு 18. கீல், நிலைச்சட்டம் கதவு இரண்டின் வெளிமுகத்திலும் ஒரே மட்டத்தில் உட்காரும், அதன் ஊசி வெளியே நிற்கும், 180 டிகிரி தடையில்லாமல் கிடைக்கும்.

இந்த முறையிலும் 9 டிகிரிச் சாய்வு போய்விடாது. 90 டிகிரியில் கதவு விளிம்பு 51 மி.மீ. உயரும். ஸ்லைடிங் ஹாட்சின் உதடு மேலே இருந்தால் இடிக்கும், ஆகவே ஹாட்சைத் தள்ளிய பிறகுதான் கதவு. உயர்ந்து இறங்கும் கதவு நடுவில் நிற்காது, மூடிக்கொள்ளும் அல்லது முழுக்கத் திறந்துகொள்ளும். திறந்த நிலையில் பிடிக்கக் கொக்கி கட்டாயம். படகு சாயும்போது விரலை நசுக்கும் கதவு இப்படிக் கொக்கியில்லாத கதவுதான்.

தேக்கில் கை வைப்பதற்கு முன் 3 மி.மீ. ஹார்ட்போர்டில் கதவை வெட்டி, துணி டேப்பைக் கீலாக ஒட்டி, படகிலேயே 180 டிகிரி ஆட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. முதல் சுற்றில் அதைச் செய்திருந்தால் ஒரு ஜோடித் தேக்குக் கதவு மிஞ்சியிருக்கும்.

அடுத்த சிக்கல் முறுக்கு. ஃபைபர்கிளாஸ் பின்சுவர் தட்டையாகத் தெரியும், தட்டையாக இருக்காது. இரண்டு நேர்க்குச்சிகளை மேலும் கீழும் வைத்துக் கண்ணால் நேர்பார்த்தால் இடப்பக்கம் கீழே 4 மி.மீ. பள்ளம். நிலைச்சட்டத்தை அப்படியே போல்ட் போட்டு இறுக்கினால் சட்டமும் சுவரோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், கீல் ஊசிகள் ஒரே கோட்டில் இருக்காது. சட்டத்தின் பின்பக்கம் பேக்கிங் டேப் ஒட்டி, கூழ்ம சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சிப் பசையைச் சுவரில் தடவி, சட்டத்தை நேர்க்கோலில் வைத்து லேசாக அழுத்தி இறுகவிட வேண்டும். மறுநாள் சட்டம் கழன்று வரும், பள்ளம் நிரம்பியிருக்கும். பிறகுதான் நீர் கசியாமலிருக்கப் பியூட்டைல் டேப் வைத்து எம்5 போல்ட். துளையை முதலில் 9 மி.மீ. போட்டு, எபாக்சியால் அடைத்து, அதன் நடுவே 5.5. சுவருக்குள் மரம் இருந்தால் அதற்குத் தண்ணீர் போக வழியே இருக்கக் கூடாது. பியூட்டைலை ஒரே மூச்சில் இறுக்காமல், அன்று பாதி, மறுநாள் மீதி.

கீல்கள் 316 ஸ்டெயின்லெஸ், தூக்கினால் கழலும் வகை. இடது, வலது என்று கை பார்த்து வாங்க வேண்டும். தவறாக வாங்கினால் ஒரு கதவு தூக்கவே வராது. கதவுக்கு இரண்டு போதும், எடை 2.3 கிலோ அளவில்தான். மூன்றாவது கீல் போட்டால் மூன்று ஊசிகளை ஒரு கோட்டில் கொண்டுவரும் பாடு சேரும், லாபம் எதுவும் இல்லை. முக்கியமான சின்ன வேலை: கீழ்க் கீலின் ஊசியை 4 மி.மீ. அரத்தால் குறைத்துவிடுங்கள். மேல் ஊசி முதலில் நுழைந்து பிடித்துக்கொள்ளும், கீழுள்ளது தானாக வந்து உட்காரும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் ஆடும் படகில், இருட்டில், இரண்டு துளைகளையும் ஒரே நேரத்தில் தேட வேண்டியிருக்கும்.

கதவுப் பலகையில் முதல் சுற்றின் இன்னொரு பாடம். 12 மி.மீ. பிளைவுட்டின் வெளிப்பக்கம் மட்டும் தேக்குப் பட்டை ஒட்டியிருந்தது. ஒரு கோடையில் 5 மி.மீ. குழிந்துவிட்டது. இப்போது பிஎஸ் 1088 என்ற படகுப் பிளைவுட் தரத்தில் 12 மி.மீ. பிளைவுட், இரு பக்கமும் 3 மி.மீ. தேக்கு, ஆக 18. நான்கு முகமும் சேர்த்து முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல் தேக்கு, பசைக்குக் கால் கிலோ எபாக்சி. தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்பாக அசிட்டோனால் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு மதியம் வரை விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினும் 205 ஹார்டனரும் 5-க்கு 1. குளிரில் ரெசின் பாகு போலாகி பம்ப் சரியாக அளக்காது, டப்பாவை வெந்நீர் வாளியில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும். இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு போலப் படர்வதை முதலில் தண்ணீரால் கழுவிவிட்டு, பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகை மரத்துக்குள்ளேயே ஏற்றுகிறோம். பிளைவுட் ஓரங்களுக்கு மூன்று கை எபாக்சி, அதன் மேல் 8 மி.மீ. தேக்கு விளிம்பு. பிளைவுட் கதவு கெடுவது எப்போதும் அடி ஓரத்தில்தான்.

நடுவே கதவுகள் சேருமிடத்தில் வலக் கதவில் 30 × 8 தேக்குப் பட்டை, இடக் கதவின் மேல் 12 மி.மீ. படிகிறது. இடைவெளி 2 மி.மீ. விட்டிருக்கிறது. 18 மி.மீ. தடிமனுக்குக் கதவின் உள்மூலை சுழலும்போது அரை மி.மீ. மட்டுமே கூடுதலாகக் கேட்கும், மீதி மரம் ஊதுவதற்கு. கதவடியில் 4 மி.மீ. அகலத்தில் ஒரு சொட்டுக் காடி, வழியும் தண்ணீர் உள்ளே திரும்பாமல் அங்கேயே விழும்.

தேக்கு கிடைப்பதைப் பற்றி. மியான்மர் தேக்கின் மேல் 2021 தடைகள் வந்தபின் பிரிட்டனில் புதுச்சரக்கு நேர்வழியில் வாங்குவது கடினம், விலையும் கைக்கு எட்டாது. நல்ல வழி பழைய பள்ளி ஆய்வகங்களின் மேஜைப் பலகைகள். பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன, பல பத்தாண்டு உலர்ந்த மரம், ஒரு அங்குலத் தடிமன். எல்லாம் தேக்கல்ல, பெரும்பாலும் இரோக்கோ. அதுவும் இந்த வேலைக்கு நல்லதுதான். ஆனால் இரோக்கோத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, முகமூடி இல்லாமல் அறுக்கக் கூடாது. அறுக்கும் முன் உடைந்த திருகுகளைக் காந்தத்தால் தேடுங்கள். பித்தளைத் திருகு காந்தத்தில் சிக்காது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக மூன்று பலகைக்குப் பதில் 12 மி.மீ. அக்ரிலிக்கில் ஒரே வாஷ்போர்டு செய்யும் எண்ணம் இருக்கிறது. 560 மி.மீ. அகல அக்ரிலிக் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஒன்றரை மி.மீ. விரியும், காடியில் மொத்தம் 3 மி.மீ. விட வேண்டும். கயிற்றைப் பிடிக்கும் திருகுக்கான துளையைத் திருகின் அளவுக்கே போட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும், பெரிதாகப் போட்டு ஓரத்தை மழுக்க வேண்டும். அசிட்டோன் துணி அதன் பக்கமே போகக் கூடாது.

தாழ்ப்பாளுக்கு உள்ளும் புறமும் திறக்கும் சுழல்கைப்பிடி தேடிக்கொண்டிருக்கிறோம். வெளியிலிருந்து மட்டும் பூட்டும் கொண்டி இந்த வாசலுக்கு வேண்டாம். உள்ளே ஆள் இருக்கும்போது அதை யாராவது மாட்டிவிட்டால் வெளியே வர வழியில்லை.

வார்னிஷ் முதல் பூச்சு பாதிக்குப் பாதி தின்னர், இரண்டாவது கால் பங்கு, மூன்றாவது அதற்கும் குறைவு. நான்காவதிலிருந்து ஏழாவது வரை தின்னரே இல்லாமல், இடையே 320 உப்புத்தாள். தென் இங்கிலாந்தின் சோலன்ட் கடற்கரையில் வசந்த காலத்தில் மாலையிலேயே பனி இறங்கத் தொடங்கும், ஈரம் பட்ட வார்னிஷ் வெளுத்துவிடும். காலை பத்துக்குப் பூசி நண்பகலுக்குள் தூரிகையைக் கழுவிவிட வேண்டும். இன்னும் நான்கு நல்ல நாட்கள் தேவை. அதுவரை கதவுகள் கீலிலிருந்து கழற்றிய நிலையில் படகுக்குள்ளேயே நிற்கும்.