தகுதிகாண் காலம் முடிவதற்குள்

மார்ச் 3, 2025, திங்கள்

புதிய நிறுவனத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன; அதற்குள் இந்த வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம், காலையில் லேப்டாப்பைத் திறக்கும்போதே வந்துவிடுகிறது. தேடல் வசதியைப் புதிதாக எழுதப்போகும் குழுவுக்கு ஆள் தேவை என்று சொல்லித்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர்காணலிலும் அதைப் பற்றியே விரிவாகப் பேசினார்கள். சேர்ந்த பிறகு கையில் கொடுக்கப்பட்டதோ பழைய பணப்பரிவர்த்தனை அமைப்பின் பராமரிப்பு. "தற்காலிகமாகத்தான்" என்றார் மேலாளர்.

இன்று நியமனக் கடிதத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். தகுதிகாண் காலத்தில் விலகுவதற்கு இரண்டு வார நோட்டீஸ் போதும்; ஏப்ரல் 15 அன்று பணி உறுதியாகிவிட்டால் அது மூன்று மாதமாகிவிடும். ஆகவே போவதா இருப்பதா என்பதை இந்த மாதத்துக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

இன்று முழுவதும் ஒரே கோப்பைப் படித்துக்கொண்டிருந்தேன், பாதிகூடப் பிடிபடவில்லை. ஆனால் இதைக் காரணமாகச் சொல்லி விலகுவது நியாயமல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நார், ஒரு நிரலைப் பற்றிய உண்மையான அறிவு அதை எழுதியவர்களின் மனத்தில்தான் இருக்கிறது, ஆவணங்களாலும் நிரல் வரிகளாலும் மட்டும் அதை முழுமையாகக் கைமாற்ற முடியாது என்று 1985இல் எழுதினார். அப்படியானால் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதல் சில மாதங்கள் இருட்டில் தடவுவதாகத்தான் இருக்கும். தெரியாததன் கஷ்டம் நாள் போகப்போகக் குறையும். நாள் போனாலும் குறையாத கஷ்டம் ஏதாவது இங்கே இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

நேற்று நள்ளிரவு தாண்டி அலர்ட் வந்தது. இந்த வாரம் ஆன்-கால், அதாவது எந்நேரம் பழுது வந்தாலும் எழுந்து கவனிக்கும் முறை, என்னுடையது. ஒருவர் பணம் செலுத்தியதும் அந்தத் தகவல் ஒரு கியூவில் (தகவல்கள் வரிசையாகக் காத்திருக்கும் இடத்தில்) சேர்கிறது. அங்கிருந்து எடுத்துக் கணக்கில் பதிவது எங்கள் நிரலின் வேலை. அந்தக் கியூ, ஒவ்வொரு தகவலையும் குறைந்தது ஒரு முறையாவது கொண்டுசேர்ப்பதாக மட்டுமே உறுதி தருகிறது. ஆகவே ஒரே தகவல் இரண்டு முறை வருவது பிழையல்ல, எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. எங்கள் நிரலோ பரிவர்த்தனை எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. டேட்டாபேஸ் சற்று மெதுவானால் தகவல் மறுபடியும் அனுப்பப்படுகிறது, பதிவு இரட்டிக்கிறது. உடனே யாராவது ஒருவர் எழுந்து, இரட்டைப் பதிவுகளைத் தேடிக் கையால் நீக்க வேண்டியிருக்கிறது. மற்றவர்களின் பணம் என்பதால் நீக்கும் ஒவ்வொரு வரியிலும் கை நடுங்குகிறது.

தீர்வு பெரிய வித்தை அல்ல. இருக்கும் இரட்டைப் பதிவுகளைச் சுத்தம் செய்துவிட்டு, பரிவர்த்தனை எண்ணுக்கு ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே எண் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்ற விதி) வைத்துவிட்டால் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே மறுத்துவிடும். காலையில் இதை எழுதிக்கொண்டு மூத்த சக ஊழியரிடம் போனேன். அவர் பழைய டிக்கெட் (செய்ய வேண்டிய பணியின் பதிவு) ஒன்றைத் திறந்து காட்டினார். நான் சொன்ன அதே தீர்வு 2021ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டு, "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்ற குறிப்போடு கிடக்கிறது. அதன் கீழே அதே குறிப்பு பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. எனக்குச் சோர்வைத் தந்தது இரவு விழித்தது அல்ல, அந்த டிக்கெட்தான்.

மார்ச் 13, வியாழன்

கூகுளின் சேவைகள் தடையின்றி ஓடுவதைக் கவனிக்கும் தளநம்பகப் பொறியாளர்கள் தங்கள் நடைமுறையைப் பற்றி எழுதியிருப்பதில் இரண்டு அளவுகள் எனக்கு உதவின. ஒரு பொறியாளரின் நேரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் இத்தகைய இயக்கப் பணிகளுக்குப் போகக்கூடாது. ஒரே இடத்திலிருந்து ஆன்-கால் பார்க்கும் குழுவில் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். எல்லா நிறுவனங்களும் கூகுள் ஆகிவிட முடியாது. ஆனாலும் எங்கள் குழுவில் மூன்று பேர்தான் இருக்கிறோம், வாரத்தின் பெரும்பகுதி அலர்ட்டுகளிலேயே கழிகிறது. பழகப் பழக என் வேகம் கூடலாம், ஆள் எண்ணிக்கை கூடிவிடாது.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் நெடுநேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை கஷ்டமா இருக்குங்கிறியா, சொன்ன வேலையே இல்லைங்கிறியா? ரெண்டும் வேற வேற" என்றாள். சேர்ந்த சூட்டோடு விலகினால் அடுத்த இடத்தில் கேட்பார்களே என்ற என் பயத்தையும் சொன்னேன். "கேட்டா நடந்ததைச் சொல்லு" என்று முடித்துவிட்டாள்.

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் நடத்திய ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில் முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டவைத்தார். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வை என் பக்கச் சாட்சியாக இழுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. நாணயத்தை நம்பும் அளவுக்கு இரண்டு பக்கமும் சமமாக நின்றவர்கள் அவர்கள். எனக்கோ கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மேலாளரிடம் தனியாகப் பேச நேரம் கேட்டு வாங்கினேன். தேடல் பணிக்கு நான் எப்போது மாறுவேன், இரட்டைப் பதிவுச் சிக்கலைச் சரிசெய்ய இந்த மாதமே நேரம் கிடைக்குமா என்ற இரண்டை மட்டும் கேட்டேன். அவர் மழுப்பவில்லை, அதற்காக அவர்மீது மரியாதை கூடியது. தேடல் திட்டம் நான் சேர்வதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது என்றும், இந்த ஆண்டில் அது மீண்டும் தொடங்காது என்றும் சொன்னார். புதிய ஆட்களை எடுக்கவும் அனுமதி இல்லையாம். என்னைப் போன்ற ஒருவர் இருந்தால் மெல்ல மெல்லச் சீர்செய்யலாம் என்று கேட்டுக்கொண்டார். அதை எழுத்தில் தர முடியுமா, வாரத்தில் ஒரு நாளாவது அதற்கென்று ஒதுக்க முடியுமா என்றேன். தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

மார்ச் 22, சனி

நான் போனால் மற்ற இருவரின் சுமை கூடும் என்ற எண்ணம் உறங்கவிடவில்லை. ஆனால் நான் இருந்தால் அந்த ஆள்பற்றாக்குறை மேலே இருப்பவர்களின் கண்ணில் படாமல் இன்னும் ஓர் ஆண்டு ஓடும். அவர்கள் இருவருக்கும் நான் செய்யக்கூடியது, கண்டதை எல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போவது. சேமிப்பைக் கணக்கிட்டேன், அடுத்த வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆனாலும் சமாளிக்கலாம். அந்தத் தொகை கையில் இல்லாதிருந்தால், இங்கிருந்தபடியே வேறு வேலை தேடியிருப்பேன்.

மார்ச் 24, திங்கள்

காலையில் விலகல் கடிதத்தை அனுப்பினேன். குறை எதையும் அடுக்கவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்த பணி இப்போது இல்லை என்பதை மட்டும் எழுதினேன். கடைசி வேலைநாள் ஏப்ரல் 7 என்று மனிதவளத் துறை உறுதிசெய்திருக்கிறது. அதுவரை எனக்குப் புதிய டிக்கெட் எதுவும் வராது என்பதால், யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் மாற்றத்தைச் சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்துக் கோட் ரிவ்யூவுக்கு (சக ஊழியர்களின் சரிபார்ப்புக்கு) அனுப்பிவிடலாம் என்று மேலாளரே சொன்னார். மூத்த சக ஊழியர் அந்தப் பழைய டிக்கெட்டைத் திறந்து என் பெயருக்கு மாற்றிவிட்டார். நாளை பழைய இரட்டைப் பதிவுகளின் பட்டியலை எடுப்பதில் தொடங்குகிறேன்.