எம்.ஜி.பி.யில் கியர் விழவில்லையா? முதலில் பெடல் பின்னைக் கழற்றிப் பாருங்கள்

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கியர் சரியாக விழவில்லை என்றால் பழி உடனே கியர் பாக்ஸ் மேல் போய்விடும். அவசரப்படாதீர்கள். இந்தக் காரில் கியர் பாக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்கிவிட முடியாது, இன்ஜினும் வெளியே வந்தாக வேண்டும். கோளாறு கிளட்ச் பெடல் பக்கம் இருந்தால், அத்தனை பாடுபட்டு சின்க்ரோ ரிங் (கியர் விழுமுன் இரு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் வளையம்) எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றிய பிறகும் ரிவர்ஸ் அதே 'கர்ர்ர்' சத்தத்தோடுதான் விழும்.

எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பல்லோடு பல் முட்டி நின்றால் காரை லேசாக அசைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் லீவர் முரண்டு பிடித்தால் லீவர், செலக்டர் பக்கம் பார்க்க வேண்டும். அணைத்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் கடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம்.

அதை உறுதி செய்ய ரிவர்ஸ்தான் சரியான கியர், ஏனென்றால் அதற்கு சின்க்ரோ கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஐடிலில் விடுங்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்து, பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் உள்ளே சுற்றும் கியர்கள் நின்றிருக்க வேண்டும். இன்னும் கடித்தால் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது. பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்த பிறகு நன்றாக விழுந்தால் கிளட்ச்சின் திரவ லைனில் காற்று இருக்கிறது, அல்லது பெடலை மிதிக்கும்போது அந்தத் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கிறது. கியரில் போட்டு பெடலை மிதித்தபடியே இருக்கும்போது, சற்று நேரத்தில் கார் முன்னால் நகரப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், சீல்தான்.

1962-ல் வந்த முதல் கார்களிலிருந்து 1967 வரை, முதல் கியருக்கும் சின்க்ரோ கிடையாது. ஓடும் காரில் அது கடிப்பது கோளாறு அல்ல, டபுள் டிகிளட்ச் செய்துதான் (நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்து) போட வேண்டும். நின்றிருக்கும்போது முதலில் இரண்டாவது கியரைத் தொட்டுவிட்டு முதலாவதுக்கு வாருங்கள். இரண்டாவதின் சின்க்ரோ உள்ளே சுற்றும் லே ஷாஃப்டை நிறுத்திவிடும். ரிவர்ஸுக்கும் இதே வழிதான். 1967-ல் வந்த மார்க் 2 முதல் நான்கு கியருக்கும் சின்க்ரோ உண்டு.

இனி அளவு. காரை ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க, இன்னொருவர் கீழே, அந்தத் திரவத்தின் அழுத்தத்தில் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 12.5 மி.மீ. நகர வேண்டும். அதில் இரண்டு மி.மீ. குறைந்தாலே ரிவர்ஸ் கடிக்க ஆரம்பித்துவிடும். முழு அளவும் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் கோளாறு உள்ளே.

நகர்வு குறைந்தால் முதல் சந்தேகம், பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் புஷ் ராடையும் இணைக்கும் பின் மேல். பானட்டைத் திறந்து, பெடல் பாக்ஸின் மூடியைக் கழற்றினால் அது தெரியும். காட்டர் பின்னை எடுத்து வெளியே உருவிப் பாருங்கள். புதிய பின் 8 மி.மீ. உருளை. தேய்ந்த பின்னின் நடுவில் இடுப்பு மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை ஓட்டினால் மாட்டும். பெடலின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருக்கும். பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. துளையை வெல்டு வைத்து நிரப்பி மறுபடி 8 மி.மீ. துளை போட வேண்டும், அல்லது புஷ் (துளைக்குள் இறுக்கும் உலோக வளையம்) அடிக்க வேண்டும்.

ஸ்லேவ் பக்கத்திலும் இதே போல ஒரு பின் உண்டு, அதுவும் தேயும். ஆனால் அந்த ஆட்டம் கெடுதல் செய்யாது. ஸ்லேவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பிஸ்டனை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால், அங்கே உள்ள இடைவெளியைத் திரவம் வந்து தானாக நிரப்பிவிடுகிறது. பெடல் பக்கம் அப்படி இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் முதல் சில மி.மீ. அந்த ஆட்டத்திலேயே வீணாகிறது. மாஸ்டர் துளை 3/4 அங்குலம், ஸ்லேவ் துளை 1 1/4 அங்குலம், பரப்பில் 2.78 மடங்கு. அதாவது பெடல் பின்னில் 3 மி.மீ. ஆட்டம் இருந்தால் ஸ்லேவில் 1 மி.மீ.க்குச் சற்று மேல் போய்விடும். இந்த கிளட்ச்சுக்கு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ எதுவும் இல்லை என்பதால் அதை வேறெங்கும் ஈடுகட்ட முடியாது.

பின் சரி என்றால் ஸ்லேவின் ரப்பர் பூட்டை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. பெடல் தண்டில் திரவம் வழிந்திருந்தால் மாஸ்டர். ரப்பர் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்கச் சொல்லுங்கள், அது உப்பினால் மாற்றுங்கள்.

காற்று எடுக்கும்போது மேலிருந்து மிதித்து மிதித்து எடுப்பதைவிடக் கீழிருந்து ஏற்றுவது எவ்வளவோ மேல். காற்றுக்குமிழி மேலே ஏறத்தான் பார்க்கும், அதைக் கீழே தள்ளப் போராடுவானேன்? ரிசர்வாயரில் பாதியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெரிய சிரிஞ்சில் புதிய டாட் 4 திரவத்தை நிரப்பி, ட்யூபில் காற்று இல்லாமல் ஸ்லேவின் நிப்பிளில் மாட்டி, நிப்பிளை அரைச் சுற்று திறந்து மெதுவாகத் தள்ளுங்கள். மேலே குமிழி வருவது நின்றதும் மூடிவிடலாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த கியர் பாக்ஸுக்கு இன்ஜினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50தான். கெட்டியான ஜிஎல்-5 ரக கியர் ஆயில் ஊற்றினால் சின்க்ரோ ரிங் வேகமாகப் பிடிக்காது, அதிலுள்ள சேர்மானம் பித்தளை, வெண்கலத்தையும் தாக்கும். நான்கு சின்க்ரோ பாக்ஸுக்கு 3 லிட்டர், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இருந்தால் 3.4 லிட்டர். ஓவர்டிரைவும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது. வழுக்கும் தன்மை சேர்க்கும் எந்த அடிட்டிவும் வேண்டாம், அதன் கோன் கிளட்ச் நழுவும். வடித்த ஆயிலைக் காந்தத்தால் கலக்கிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் தூள் நிறைய மிதந்தால் சின்க்ரோ ரிங் தேய்கிறது.

இரண்டாவது கியர் மட்டும், அதுவும் மூன்றிலிருந்து இறக்கும்போது மட்டும் கடித்தால் அது கிளட்ச் அல்ல, ரிங்தான். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், பாக்ஸைத் திறக்குமுன் லீவர் கார்பெட்டிலோ கன்சோலிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். முழுதாக விழாத கியர்தான் கழலும். இடிக்கவில்லை என்றால் டிடென்ட் ஸ்பிரிங், ஃபோர்க், டாக் பற்கள் என்று உள்ளே போக வேண்டியதுதான்.

இன்ஜின் வெளியே வந்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் கிராங்க் ஷாஃப்ட் முனையில் உள்ள சின்ன வெண்கல ஸ்பிகாட் புஷ்ஷை மறக்காதீர்கள். அது காய்ந்து பிடித்துக்கொண்டால், கிளட்ச் முழுதாக விட்டாலும் கியர் பாக்ஸ் ஷாஃப்டை இன்ஜினோடு சேர்த்துச் சுற்றவைக்கும். கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். புதிய புஷ்ஷை ஒரு இரவு முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்ட பிறகே அடியுங்கள்.