வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறேன். மெஷின்களுக்கு நடுவே தரை எப்போதும் ஈரம்தான். அன்று துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரும் சிந்திக் கிடந்தது. ஈரத்துணி ட்ராலியை இழுக்கும்போது கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். "வீட்ல பாத்ரூம்ல வழுக்கினதாச் சொல்லிடுங்க தம்பி, வேலை சுலபமா முடியும்" என்றார். சுலபம் யாருக்கு? கூட வந்த ஃபிட்டர் அண்ணன்தான் வண்டியில் விளக்கினார். சாதாரண நோய் என்று பதிவானால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம், குணமாகும்வரை வரும். எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறோம் என்ற கணக்கும் கிடையாது; நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு.

டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டதும் நடந்ததை அப்படியே சொன்னேன். சீட்டில் அதை எழுதிவிட்டாரா என்றும் பார்த்துக்கொண்டேன். பின்னால் எல்லாரும் புரட்டிப் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான்.

விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டியது முதலாளி. "அனுப்பிடலாம், அனுப்பிடலாம்" என்று இழுத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு எழுத முடியாததால், தங்கையை எழுதச் சொல்லி இ.எஸ்.ஐ. கிளை அலுவலக மேலாளருக்கு ஒரு கடிதம் போட்டேன்: தேதி, நேரம், எந்த மெஷின் பக்கம், பார்த்தவர்கள் யார் யார். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அங்கிருந்து விசாரணை வந்த பிறகுதான் பட்டறையிலிருந்து அறிக்கை போனது.

அப்புறம் பெரிய சிக்கலில்லை. டாக்டர் தரும் விடுப்புச் சான்றிதழ்களில் மட்டும், ஒன்று முடியும் தேதிக்கும் அடுத்தது தொடங்கும் தேதிக்கும் இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் அந்த நாட்களுக்குப் பணம் வராது. மற்றபடி வங்கிக் கணக்குக்கே வந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டேன், இப்போது துணி செக்கிங். ஊனத்தை மதிப்பிடும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நிரந்தர ஊனம் இத்தனை சதவீதம் என்று அவர்கள் முடிவு செய்தால், அதற்குரிய தொகை சம்பளம் வாங்கும்போதும் கிடைக்கும். சிலர் வேலைக்குப் போய்விட்டால் அது கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிப்பதே இல்லை.