இன்டிகேட்டரை எல்இடி ஆக்கியது: ரிலே மாற்றியும் தீராத கோளாறு

மாருதி 800-இன் பின் இன்டிகேட்டர் இரண்டும் நேற்று சாயங்காலம்தான் ஒழுங்காக மினுங்கின. மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது.

21 வாட் பல்பைக் கழற்றி ஆரஞ்சு எல்இடி போட்டதும் படபடவென்று அடித்தது. எல்இடி இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், மினுக்க வைக்கும் ரிலே பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும், அது தெரிந்த விஷயம்தான். அந்தக் குறையை ஈடுகட்ட, சென்னை ரிச்சி தெருவில் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வாங்கி மாட்டினேன். வேகம் சரியானது, ஆனால் இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்டில் ஒவ்வொரு மினுக்குக்கும் அது 32 வாட் இழுக்கிறது. ஹசார்டு (எல்லா இன்டிகேட்டரும் சேர்ந்து மினுங்குவது) போட்டு ஐந்து நிமிடம் விட்டதில் தொட முடியாத சூடு, பக்கத்து வயரின் உறை இளகிவிட்டது. 50 வாட் தாங்கும் என்பதெல்லாம் தகட்டோடு திருகி முடுக்கினால்தான், பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். கழற்றி வைத்துவிட்டு எல்இடிக்கான ஃபிளாஷர் ரிலே போட்டேன். பி (பேட்டரி), எல் (விளக்கு) பின்கள் இடம் மாறியிருந்தன, வயரை மாற்றிச் செருகியதும் வேலை செய்தது.

அப்புறம்தான் அசல் தலைவலி. பிரேக்கை மிதித்தால் இடப்பக்க இன்டிகேட்டர் மங்கலாக எரிகிறது! எல்இடி மோசம் என்று வலப்பக்கத்தோடு மாற்றிப் போட்டேன், அதே கதை. மீட்டரின் ஒரு முனையை ஹோல்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்னால் 6.8 வோல்ட் காட்டுகிறது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது! எர்த், அதாவது விளக்கின் கரண்ட் காரின் தகட்டுக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லாததால் பிரேக் கரண்ட் இன்டிகேட்டர் வயர் வழியாக முன் பல்புக்குப் போய்த் தரையைத் தேடியிருக்கிறது. பழைய பல்பின் இழை அந்தக் கரண்ட்டில் லேசாகச் சிவந்திருந்தாலும் பகலில் தெரிந்திருக்காது, எல்இடிக்கு சில மில்லி ஆம்பியரே போதும். இடப்பக்க பிரேக் விளக்கு கொஞ்சம் மங்கல் என்று ஒரு வருடமாகத் தோன்றிக்கொண்டே இருந்தது, காரணம் இதுதான்.

டிக்கி லைனிங்கைத் தூக்கினால் எர்த் திருகைச் சுற்றித் துரு, அடியில் பெயின்ட். உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, வயர் முனையில் புது லக் (வளைய முனை) அடித்து, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 0.04 வோல்ட். பிரேக் விளக்கும் பளிச்சென்று எரிகிறது, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

முன்பக்க இன்டிகேட்டருக்கான எல்இடி ஜோடி இன்னும் கவரில் இருக்கிறது. ஹெட்லைட்டில் கை வைக்கப் போவதில்லை, அந்த ரிஃப்ளெக்டர் எச்4 என்ற ஹாலோஜன் பல்பின் இழைக்காகச் செய்தது, எல்இடி போட்டால், எதிரே வருகிறவர் கண் கூசும். அடுத்த ஞாயிறு வலப்பக்க எர்த்தையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றது.