வீணைத் தந்தியும் ஐரிஷ் பேச்சுத் தேர்வும்

டெக் பி1 எழுதப் போகிறவர்களுக்காக இது. (டெக் என்பது மேனூத் பல்கலைக்கழகம் 2005 முதல் பெரியவர்களுக்கு நடத்தும் ஐரிஷ் தேர்வு, ஏ1-ல் தொடங்கி சி1 வரை.)

பேச்சுத் தேர்வில் பொழுதுபோக்கு பற்றிக் கேட்டார்கள். வீணை என்றேன். அதுவரை நன்றாகத்தான் போனது, ஏழு தந்தி என்று சொல்ல வந்தவன் தந்திக்கு 'ஸ்ரங்கான்' என்று போட்டுவிட்டேன், அதாவது பார்சல் கட்டுகிற கயிறு! தேர்வாளர் சிரிக்கவில்லை, அடுத்த கேள்வியில் அந்த இடத்தில் மட்டும் 'டேத்' என்று அழுத்திச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது.

நான் செய்த தப்பு, அகராதியில் முதலில் கண்ட சொல்லை மனப்பாடம் செய்தது. வாத்தியத்தின் தந்திக்கு டேத், ஷூ லேஸுக்கு இயல், கயிறு, மின்கம்பி இரண்டுக்கும் ஸ்ரங், அதன் குட்டிதான் ஸ்ரங்கான். அதனால் பொருளோடு சேர்த்துப் படியுங்கள், தனிச்சொல்லாக வேண்டாம்.

அப்புறம் சொல்லின் பால், அதாவது ஆண்பாலா பெண்பாலா என்பது. இதில்தான் எழுத்துத் தேர்வில் மார்க் போகும். ஸ்ரங் பெண்பால், முன்னால் 'அன்' (ஆங்கில 'the' மாதிரி) வந்தால் எஸ் ஒலி மறைந்து 'அன் த்ரங்' ஆகிவிடும் (எழுதும்போது எஸ் இருக்கும், வாய்க்குத்தான் வராது). 'கயிற்றின்' என்று சொல்லப் போனால் 'ன ஸ்ரெங்கெ', எஸ் திரும்பி வந்துவிடும். ஸ்ரங்கான் ஆண்பால் என்பதால் எல்லாமே தலைகீழ்: 'அன் ஸ்ரங்கான்' சாதாரணமாக நிற்கும், 'கயிற்றின்' என்னும்போதுதான் எஸ் காணாமல் போகும். விதியாகப் படித்தபோது எனக்கு ஏறவே இல்லை, இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி பாத்திரம் கழுவும்போது சத்தமாகச் சொன்னதில் ஒரு வாரத்தில் சரியானது.

உச்சரிப்புக்கு டியாங்லன் என்ற இணைய அகராதித் தளம் போதும். மூன்று வட்டார ஒலிகள் இருக்கும், உங்கள் ஆசிரியர் பேசுகிற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், நான் மூன்றையும் கேட்டுக் குழம்பினேன்.

தேர்வு முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஐரிஷில் டெலிகிராமுக்கு ஒரு பெயர் 'ஸ்ரங்ஷ்கேல்', கம்பிச் செய்தி. நாமும் வீணையில் இருப்பதையும் தபால்காரர் கொண்டுவந்ததையும் தந்தி என்றுதானே சொன்னோம்! அதைவிட, டேத்தும் சம்ஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த தந்தியும் 'இழுத்து நீட்டு' என்ற ஒரே பழைய வேரிலிருந்து வந்தவையாம். இவ்வளவு பக்கத்துச் சொந்தத்தை விட்டுவிட்டு பார்சல் கயிற்றைப் பிடித்திருக்கிறேன்.