கேழ்வரகு வயலில் நாற்பது முறை அடித்து மலிவு கோல்ஃப் பந்துகளைச் சோதித்துப் பார்த்தேன்

காவேரிப்பட்டணம் பக்கம் பெரியப்பாவுக்கு ஒரு வயல் இருக்கிறது. நீளவாக்கில் 240 மீட்டர். கேழ்வரகு அறுத்து முடித்து, தாள் மட்டும் நிற்கும் தை மாதத்தில் அங்கே ஆடு மேயும், வேறு யாரும் வரமாட்டார்கள். இந்த வருடம் அந்த வயலை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். விலை குறைந்த 'டிஸ்டன்ஸ்' வகை கோல்ஃப் பந்து, என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரனுக்கு உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது, விலை உயர்ந்த பந்தைவிட எங்கே குறைகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

முதலில் என் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கீழே வரும் எண்களால் யாருக்கும் பயனில்லை. ஓசூரில் வேலை. மூன்று வருடமாக ஆடுகிறேன், மாதத்துக்கு இரண்டு முறை, ஓசூரைத் தாண்டி இருக்கும் 18 குழி மைதானத்தில். 18 குழிக்கும் சேர்த்து எடுக்கும் அடிகளின் எண்ணிக்கைதான் ஸ்கோர், குறையக் குறைய நல்லது. என் ஸ்கோர் 95-க்கும் 100-க்கும் நடுவில் நிற்கும். பெங்களூரில் ஒரு பயிற்சி மையத்தில் அளந்தபோது டிரைவர் என்னும் தூர அடி மட்டையால் என் வீச்சின் வேகம் மணிக்கு 84 மைல் என்று காட்டியது. தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 115 மைல் அளவில் வீசுகிறார்கள். அவர்கள் அடிக்கும் பந்து எனக்கும் சரிப்படுமா என்ற கேள்வி அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சுற்றுக்குச் சராசரியாக மூன்று பந்துகளைத் தொலைக்கிறேன். ஓசூர்ப் பக்கத்து மைதானம் என்றால் பாறையும் குட்டையும் உண்ணிச்செடிப் புதரும் இல்லாமல் இருக்காது. நான் வாங்கும் கடையில் விலை உயர்ந்த பந்து ஒன்றின் காசுக்கு மலிவுப் பந்து மூன்று வாங்கலாம். குட்டை ஓரத்துக் குழியில், பந்தை நிறுத்தும் டீ என்ற சின்ன ஆணி மேல் அந்த விலை உயர்ந்த பந்தை வைத்துவிட்டு நிற்கும்போது, கை தானாக இறுகிவிடும். அந்தப் பயம் அடியைக் கெடுக்கிறது என்பதை நான் நன்றாக உணர்ந்திருக்கிறேன்.

பந்துக்குள் என்ன இருக்கிறது

மலிவு டிஸ்டன்ஸ் பந்து இரண்டே அடுக்கு. உள்ளே பெரிய ரப்பர் உருண்டை, பாலிபியூட்டடையீன் என்னும் செயற்கை ரப்பர். வெளியே அயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் மேலுறை, சர்லின் என்று பலரும் சொல்வது. பின்னக்கிள் ரஷ், கால்வே வார்பேர்ட் எல்லாம் இந்த வகை. விலை உயர்ந்த பந்தில் மூன்று நான்கு அடுக்குகள், மேலே மெல்லிய யூரித்தேன் உறை. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் டைட்டிலிஸ்ட் புரோ வி1 வந்த பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் இந்த யூரித்தேன் வகைக்கு மாறினார்கள்.

வித்தியாசம் அந்த மேலுறையில்தான். கிட்டத்து அடிக்கான வெட்ஜ் மட்டையின் முகத்தில் வரிவரியாகக் கோடுகள் இருக்கும். மென்மையான யூரித்தேன் அதில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பந்து பின்பக்கமாகச் சுழலும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்ததும் நிற்கும். கெட்டியான அயனோமர் பிடிக்காமல் வழுக்கிவிடும், சுழற்சி குறையும், பந்து ஓடும். டிரைவர் அடியில் இதே குறைந்த சுழற்சி நமக்கு நல்லது. என் அடி வலப்பக்கம் வளையும். சுழற்சி குறைந்தால் அந்த வளைவும் குறையும்.

விதிப்படி எந்தப் பந்தும் 45.93 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது, 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே விட்டம் இருக்கக் கூடாது. விலை எதுவானாலும் இந்த வரம்புக்குள்தான் எல்லாம்.

உப்புத் தண்ணீர்

வயலுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்தேன். பந்தின் உள்ளே கனம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், பட்டர் மட்டையால் நேராக உருட்டினாலும் அது நேராகப் போகாது. இதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. வெறும் தண்ணீரில் கோல்ஃப் பந்து மூழ்கிவிடும். ஒரு லிட்டருக்குக் கால் கிலோ வீதம் கல்லுப்பைக் கரைத்தால் மிதக்க ஆரம்பிக்கும். மிதக்கும் பந்தின் உச்சியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, விரலால் சுழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். புள்ளி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்து நின்றால் பந்து சரி. திரும்பத் திரும்ப அதே புள்ளியே மேலே வந்தால் கனம் அடியில் ஒதுங்கியிருக்கிறது.

பாத்ரூம் பக்கெட்டில் உப்பைக் கரைத்து 30 பந்துகளைப் போட்டேன். உப்பு முழுதும் கரைய அரை மணி நேரம் ஆனது, கலங்கல் தெளிய இன்னும் கொஞ்சம். புதிய மலிவுப் பந்து 12-இல் ஒன்று மட்டும் லேசாகத் திரும்பியது. மைதானத்தில் பையன்களிடம் வாங்கிய, குட்டையிலிருந்து எடுத்த பழைய பந்து 12-இல் நான்கு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி நிமிர்ந்து நிமிர்ந்து நின்றன. ஒப்பிட வைத்திருந்த மென்மையான இரண்டடுக்கு வகை மூன்றும் விலை உயர்ந்த வகை மூன்றும் சரியாகவே இருந்தன. திரும்பிய ஐந்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

வயல்

முதல் ஞாயிறு வீண். காலை ஆறரைக்கே போய் அடிக்க ஆரம்பித்தோம். பனி ஈரத்தில் மண் இறுகிக் கிடந்தது, பந்து எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. அடுத்த வாரம் எட்டு மணிக்கு மேல் போனோம். மண் காய்ந்திருந்தது. பந்து விழுந்த இடத்தில் செம்மண் புகை மாதிரி ஒரு கை உயரம் எழும்பி அடங்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும், பந்து காற்றில் கடந்த தூரத்தைச் சரியாக அளந்துவிடலாம். தாளுக்கு நடுவே உருளும் உருளலை நான் கணக்கில் எடுக்கவில்லை. பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும் என்பதால் தினமும் இரண்டு மணி நேரம்தான் வேலை.

அண்ணன் மகன் பத்தாவது படிக்கிறான். அவன்தான் துணை. அடிக்கும்போது பம்ப்செட் அறைக்குப் பின்னால் நிற்பான். புகை எழுந்ததும் ஓடிப்போய் குச்சி நடுவான். நான்கு வகைக்கும் நான்கு நிறப் புள்ளி. நீலம் டிஸ்டன்ஸ், சிவப்பு விலை உயர்ந்தது, பச்சை மென்மையான இரண்டடுக்கு, கறுப்பு பழைய பந்து. சீட்டுக் குலுக்கி எந்த நிறம் வருகிறதோ அதை அவனே டீ மேல், பெயரும் புள்ளியும் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு ஓடுவான். எனக்கு எந்தப் பந்து என்று தெரியக் கூடாது. ஒரே வகையைத் தொடர்ந்து பத்து அடித்தால், காலைக் குளிரும் என் களைப்பும் ஏதோ ஒரு வகையின் தலையில் மட்டும் விழும். அதனால்தான் கலந்து அடித்தோம்.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பந்தை ஈரத்துணியால் துடைத்தோம். டிம்பிள் குழிகளில் செம்மண் அடைந்தால் பந்து பறக்கும் விதமே மாறும். அந்தக் காலத்தில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் பந்து செய்தார்கள், மேல்பரப்பு வழவழப்பாக இருந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துதான் புதியதைவிட நன்றாகப் பறக்கிறது என்று கவனித்தவர்கள் வேண்டுமென்றே கீறல் போட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய குழிகள். குழியே இல்லாத பந்து பாதித் தூரம்தான் போகும்.

இரண்டாம் நாள் பெரியப்பா வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஒரு பந்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "ஏன்டா கண்ணு, இது ஒண்ணு என்னா வெல?" என்று கேட்டார். சொன்னேன். "நாலும் ஒரே எடத்துலதானடா போயி விழுது" என்றார். பழைய பந்தை விட்டுவிட்டால், தூரத்தில் நாற்பது அடியின் கணக்கும் கடைசியில் அதைத்தான் சொன்னது.

மட்டை சரியாகப் படாத அடிகளை மறுபடி அடித்து, வகைக்குப் பத்து நல்ல அடி என்று எடுத்துக்கொண்டேன். டிரைவரில் நீலம் சராசரி 173 மீட்டர். சிவப்பு 171. பச்சை 169. கறுப்பு 164. ஒரே பந்தில் என் பத்து அடிகளுக்குள்ளேயே 15 மீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கும்போது, முதல் மூன்றுக்கும் நடுவில் இருப்பதை வித்தியாசம் என்றே சொல்ல மாட்டேன். திசையில்தான் பலன் தெரிந்தது. நீலப் புள்ளிக் குச்சிகள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றன. சிவப்பில் மூன்று குச்சிகள் வலப்பக்கத்து வரப்பைத் தாண்டிப் போயிருந்தன. கறுப்பு வயல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஒன்று 176, அடுத்தது 149. நடுத்தூர அடிக்கான ஏழாம் எண் ஐயன் மட்டையில் நீலம் 121 மீட்டர், சிவப்பு 118.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். சூளகிரி ஏற்றத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் பக்கம் அதைவிட நன்றாகத் தாழ்ந்த நிலம். உயரே போகப் போகக் காற்று மெலிவதால் பந்து கூடுதல் தூரம் போகும். இந்த எண்களை ஓசூர் மைதானத்துக்கு அப்படியே எடுத்துப் போகாமல் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கிட்டத்து அடி

வெட்ஜ் அடிக்குப் பெரியப்பாவின் நெற்களத்தைக் கிரீனாக வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சாணி மெழுகிய களம் கல் மாதிரி இருந்தது. எல்லாப் பந்தும் ஒரே மாதிரி குதித்து மாட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டன. அதை விட்டுவிட்டு, ஓசூர் மைதானத்தின் பயிற்சி கிரீனில், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அடித்தேன். 40 கெஜத்திலிருந்து, வகைக்குப் பத்து.

இங்கே விலை உயர்ந்த பந்து தன் காசுக்கு நியாயம் செய்தது. விழுந்த இடத்திலிருந்து மூன்று நடையில் நின்றது. நீலம் ஏழு நடை. பச்சை ஆறு. காதுக்கும் கைக்கும்கூட வித்தியாசம் தெரிந்தது. சிவப்பு மட்டையில் ஒட்டி விலகும், சத்தம் மெத்தென்று இருக்கும். நீலம் டொக் என்று தெறிக்கும். பட்டர் மட்டையிலும் அந்தத் தெறிப்பு இருக்கிறது. எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை, உருட்டிய பந்தெல்லாம் குழியைத் தாண்டிப் போனது.

அன்றைக்கே விட்டிருப்பேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த, ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடி (caddie) ஒருவர், வயதில் பெரியவர், பந்தை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்தப் பந்தை நிப்பாட்ட முடியாது. ஓட விடுங்க. கொடியைப் பாக்காதீங்க, விழற எடத்தைப் பாருங்க." அவர் ஒரு காய்ந்த இலையை எடுத்துக் குழியில் நிற்கும் கொடிக்கு ஏழு நடை முன்னால் வைத்தார். வெட்ஜை உள்ளே வைக்கச் சொல்லி ஒன்பதாம் எண் ஐயனைக் கையில் கொடுத்தார். அந்த இலையின் மேல் போட வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

அடுத்த நான்கு வாரம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய மிதியடியை விரித்து, ஆறு மீட்டர் தள்ளி ஒரு சாக்கு போட்டு, அதன் மேல் விழுகிற மாதிரி தினமும் 50 பந்து. முதல் வாரம் பத்துக்கு மூன்று சாக்கில் விழுந்தது. நான்காம் வாரம் ஆறு, சில நாள் ஏழு. எங்கள் மைதானங்கள் மாசி பிறந்ததிலிருந்தே காய்ந்து கெட்டிப்பட்டுவிடும். அந்தத் தரையில் கிரீனுக்கு முன்னாலேயே போட்டு ஓடவிடும் அடிதான் பாதுகாப்பு என்பதும் அப்போது புரிந்தது. விலை உயர்ந்த பந்தை வைத்திருந்த காலத்தில் அது எப்படியும் நிற்கும் என்று நம்பிக்கொண்டு, இந்த அடியை நான் பழகவே இல்லை.

இப்போது பையில் இருப்பது

பழைய பந்துகளை முழுதாக நிறுத்திவிட்டேன். எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று நன்றாகப் பறந்தது என்பதற்காக அடுத்ததை நம்பவும் முடியாது. பயிற்சிக்கு மட்டும் சரி. மெதுவாக வீசுகிறவர்களுக்கு மென்மையான பந்துதான் தூரம் போகும் என்று பலரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். வயலில் எனக்கு அப்படி நடக்கவில்லை. கைக்கு இதமாக இருக்கிறது, குளிர் காலையில் அது பெரிய விஷயம், ஆனால் கூடுதல் தூரம் கிடைக்கவில்லை. பட்டர் மட்டையில் மெத்தென்ற சத்தம் வேண்டும் என்பவர்கள் பச்சையைத் தாராளமாக எடுக்கலாம்.

கிட்டத்து அடியில் கை தேர்ந்தவர்கள், 80-க்குக் கீழே ஆடுகிறவர்கள், யூரித்தேன் பந்தையே வைத்துக்கொள்ளட்டும். அந்த நான்கு நடை அவர்களுக்கு ஒரு அடியை மிச்சப்படுத்தும். எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. நீலத்தில் இரண்டு டஜன் வாங்கிவிட்டேன், எல்லாம் ஒரே வகை. ஒரு குழியில் ஒன்று, அடுத்த குழியில் வேறொன்று என்று மாற்றி மாற்றி ஆடிய காலத்தில் ஏழு நடையா மூன்று நடையா என்று கைக்குத் தெரியவே இல்லை. நீலத்துக்கு மாறிய பிறகு ஆடிய ஆறு சுற்றுகளில் 94, 97, 93, 96, 92, 94. குட்டைக் குழியில் இப்போது டீ மேல் பந்தை வைத்ததும் அடித்துவிடுகிறேன்.

வயல் ஆடிப் பட்டம் வரை சும்மாதான் கிடக்கும். பெரியப்பாவிடம் சித்திரையில் இன்னும் இரண்டு ஞாயிறு கேட்டிருக்கிறேன். ரப்பர் சூட்டில் நன்றாகத் துள்ளும், சூடான காற்றும் மெலிந்திருக்கும். தை மாதக் குளிரில் 173 மீட்டர் போன அதே நீலப் பந்து, கத்திரி வெயிலில் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். அண்ணன் மகனுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். குச்சிகளைக் கட்டிப் பம்ப்செட் அறையிலேயே வைத்திருக்கிறான்.